கிரிஸ்டல் ஒயின் கிளாஸில் ஈயம் இருக்கா? வாங்கும்போது என்ன பார்க்கணும், எப்படிக் கழுவணும்? முழு விளக்கம்

வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் கொடுத்த செட், கல்யாணப் பரிசாக வந்த செட், டூட்டி ஃப்ரீயில் வாங்கிய செட் என்று பல வீடுகளில் ஷோகேஸுக்குள் கிரிஸ்டல் கிளாஸ் மின்னிக்கொண்டிருக்கும். வெளிச்சம் பட்டால் வானவில் தெரியும், லேசாகத் தட்டினால் மணிச்சத்தம் கேட்கும். ஆனால் அந்த மினுமினுப்புக்கும் மணிச்சத்தத்துக்கும் பின்னால் ஈயம் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

ஈயம் உடலுக்கு ஆகாத உலோகம். அப்படியென்றால் இந்த கிளாஸில் குடிக்கலாமா? எல்லா கிரிஸ்டலிலும் ஈயம் இருக்குமா? புதிதாக ரெட் ஒயின் கிளாஸ் வாங்குகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும்? வாங்கியதை உடையாமல், மங்காமல் வைத்திருப்பது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கிரிஸ்டல் என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிரிஸ்டல் கிளாஸ் என்பது அறிவியல் கணக்குப்படி கிரிஸ்டலே இல்லை. கல்கண்டும் உப்பும்தான் உண்மையான படிகங்கள். அவற்றுக்குள் அணுக்கள் வரிசை மாறாமல் அடுக்கி வைத்ததுபோல இருக்கும். கண்ணாடியில் அந்த வரிசை கிடையாது. உருகிய நிலையில் இருந்த கலவை, ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காமல் அப்படியே இறுகிப்போனதுதான் கண்ணாடி.

பிறகு ஏன் இந்தப் பெயர்? 15-ம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்தின் முரானோ தீவில் இருந்த கண்ணாடிக் கலைஞர்கள், பச்சையோ மஞ்சளோ கலக்காத தெளிவான கண்ணாடியைச் செய்தார்கள். பார்ப்பதற்கு ஸ்படிகக் கல் போல இருந்ததால் அதற்கு 'கிறிஸ்டாலோ' என்று பெயர் வந்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஈயம் எப்படி உள்ளே வந்தது?

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற வணிகர், 1674-ல் புது வகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். தொடக்கத்தில் செய்தவை கொஞ்ச நாளிலேயே நுண்ணிய விரிசல் விட்டு மங்கிப்போயின. கலவையில் ஈய ஆக்சைடைச் சேர்த்து அந்தக் குறையைச் சரிசெய்தார். அங்கிருந்துதான் ஈயக் கிரிஸ்டலின் கதை ஓடுகிறது.

ஈயம் சேர்த்ததால் என்ன லாபம்? மூன்று விஷயங்கள்.

ஒன்று, மினுமினுப்பு. ஈயம் கலந்த கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியைவிட ஒளியை அதிகமாக வளைக்கும். அதனால்தான் அந்த வானவில் நிறங்கள்.

இரண்டு, வேலை செய்ய எளிது. உருகிய கலவை இறுகுவதற்கு அதிக நேரம் எடுக்கும். கலைஞர் நிதானமாக ஊதி, இழுத்து, மெல்லியதாக உருவாக்க முடியும். ஆறிய பிறகும் கொஞ்சம் மென்மையாக இருப்பதால், சக்கரத்தில் வைத்து பூவேலைப்பாடு வெட்டலாம்.

மூன்று, எடையும் சத்தமும். கையில் எடுத்தால் கனமாக இருக்கும். தட்டினால் சத்தம் நீண்டு ஒலிக்கும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே அறைக்கு ஒரு சிறிய கண்ணாடி ஜன்னல் இருக்குமே, அதுவும் ஈயம் சேர்த்த கண்ணாடிதான். அங்கே ஈயம் கதிர்வீச்சைத் தடுக்கிறது. இங்கே அழகைக் கூட்டுகிறது.

எந்த கிளாஸில் எவ்வளவு ஈயம்?

ஐரோப்பாவில் இதற்கு 1969 முதலே விதி இருக்கிறது. அதன்படி கிரிஸ்டல் என்று விற்கப்படும் கண்ணாடியில் நான்கு வகை.

• முழு ஈயக் கிரிஸ்டல்: 30 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஈய ஆக்சைடு. அடையாளம், வட்டமான தங்க நிற லேபிள்.

• ஈயக் கிரிஸ்டல்: குறைந்தது 24 சதவீதம். இதற்கும் வட்டமான தங்க நிற லேபிள்தான்.

• கிரிஸ்டலின்: ஈயம், துத்தநாகம், பேரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் தனியாகவோ சேர்ந்தோ குறைந்தது 10 சதவீதம். அடையாளம், சதுரமான வெள்ளி நிற லேபிள்.

• கிரிஸ்டல் கிளாஸ்: கடைசி வகை. அடையாளம், முக்கோண வடிவ வெள்ளி நிற லேபிள்.

இதில் கவனிக்க வேண்டியது மூன்றாவது வகை. அதில் ஈயம் இருக்கவும் செய்யலாம், இல்லாமலும் இருக்கலாம். 'கிரிஸ்டல்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

ஈயம் ஒயினில் கலக்குமா?

கலக்கும். எவ்வளவு கலக்கும் என்பது, எவ்வளவு நேரம் ஊற்றி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

1991-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். போர்ட் என்ற இனிப்பு ஒயினை ஈயக் கிரிஸ்டல் குடுவைகளில் ஊற்றி நான்கு மாதம் வைத்தார்கள். ஊற்றும்போது ஒரு லிட்டரில் 89 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. நான்கு மாதம் கழித்து, 24 சதவீத ஈய ஆக்சைடு கொண்ட குடுவையில் அது 2,162 ஆகவும், 32 சதவீதக் குடுவை ஒன்றில் 5,331 ஆகவும் ஏறியிருந்தது.

இந்த எண் எவ்வளவு பெரியது? குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதோடு ஒப்பிட்டால் 5,331 என்பது 500 மடங்குக்கும் மேல். அந்தக் குடுவையிலிருந்து 150 மில்லி ஊற்றிக் குடித்தால் சுமார் 800 மைக்ரோகிராம் ஈயம் உள்ளே போகும். உச்ச வரம்பில் ஈயம் இருக்கும் தண்ணீரை தினமும் 2 லிட்டர் குடித்தால்கூட, இந்த அளவை எட்ட 40 நாள் ஆகும்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரியவந்தது. ஈயக் கிரிஸ்டல் கிளாஸில் ஊற்றிய வெள்ளை ஒயினில், சில நிமிடங்களிலேயே சிறிதளவு ஈயம் இறங்கியிருந்தது. காரணம், ஒயினில் இருக்கும் அமிலம். அந்த அமிலம் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கிறது.

அமிலம்தான் காரணம் என்றால், ஒயின் குடிக்காதவர்களுக்கும் இந்த விஷயம் பொருந்தும். 'அழகா இருக்கே' என்று விருந்தினருக்கு அந்த கிளாஸில் எலுமிச்சை ஜூஸ், ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தாலும் அங்கேயும் அமிலம் இருக்கிறது. ஊறுகாயையோ வினிகரையோ கிரிஸ்டல் ஜாடியில் போட்டு வைப்பது இன்னும் மோசம். அது நாள்கணக்கில் உள்ளேயே இருக்கும்.

அப்போ பழைய செட்டைத் தூக்கிப் போடணுமா?

பயப்பட வேண்டாம். ஷோகேஸில் இருக்கும் கிளாஸைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. பிரச்னை, அதில் ஊற்றி வைப்பதிலும் அடிக்கடி குடிப்பதிலும்தான் இருக்கிறது. எப்போதோ ஒரு விசேஷத்தில், ஊற்றியதும் குடித்து முடித்துக் கழுவி வைத்தால் உள்ளே போகும் ஈயம் மிகக் குறைவு. அதற்காக தினமும் பயன்படுத்தலாம் என்று அர்த்தமில்லை. ஈயத்தைப் பொறுத்தவரை, 'இந்த அளவு வரை பாதிப்பே கிடையாது' என்று சொல்லத்தக்க அளவு எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நான்கு விதிகளை மட்டும் மறக்காதீர்கள்.

• ஈயக் கிரிஸ்டல் குடுவையில் ஒயின், விஸ்கி, ஜூஸ் எதையும் ஊற்றி வைக்கக் கூடாது. பாட்டிலில் மிச்சம் இருந்தால் பாட்டிலிலேயே இருக்கட்டும்.

• தினசரி உபயோகத்துக்கு ஈயக் கிரிஸ்டல் வேண்டாம்.

• குழந்தைகளுக்கு அதில் எதையும் கொடுக்கக் கூடாது. வளரும் மூளையைத்தான் ஈயம் அதிகமாகத் தாக்கும்.

• கர்ப்பிணிகள் ஈயக் கிரிஸ்டலில் தண்ணீர், ஜூஸ் குடிப்பதையும் தவிர்ப்பது நல்லது. மது, கர்ப்ப காலத்தில் எந்த கிளாஸிலும் கூடாது.

வீட்டில் இருப்பது ஈயக் கிரிஸ்டலா, எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். சதவீதக் குறியுடன் 24 அல்லது 30 என்ற எண்ணோ, பி, பி, ஓ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ இருந்தால் அது ஈயக் கிரிஸ்டல். ஜெர்மனியிலிருந்து வந்த செட் என்றால் 'பிளைகிரிஸ்டால்' என்று போட்டிருப்பார்கள். பிளை என்றால் ஜெர்மன் மொழியில் ஈயம்.

பெட்டி இல்லை என்றால்? கனமாக, தடிமனாக, ஆழமான வெட்டு வேலைப்பாடுகளுடன் இருக்கும் பழைய செட்டை ஈயக் கிரிஸ்டல் என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

தட்டிப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். முழுசாகத் தெரியாது. இப்போது வரும் ஈயமில்லாத மெல்லிய கிளாஸும் நன்றாகவே ஒலிக்கும். சத்தம் கிளாஸின் வடிவத்தையும் தடிமனையும் பொறுத்தும் மாறும். சத்தத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

புதிதாக வாங்கும்போது என்ன பார்க்கணும்?

முதல் விஷயம், ஈயமில்லாதது என்று பெட்டியில் தெளிவாக எழுதியிருக்கணும். ஈயத்துக்குப் பதிலாக பேரியம், துத்தநாகம், டைட்டானியம், சிர்கோனியம் போன்றவற்றின் ஆக்சைடுகளைச் சேர்த்துச் செய்யும் கிரிஸ்டல் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. பெரிய ஐரோப்பிய நிறுவனங்களே இந்தப் பக்கம் வந்துவிட்டன. டைட்டானியம் சேர்த்தவை மெல்லியதாக இருந்தாலும் கீறலை ஓரளவு தாங்கும்.

இரண்டாவது, விளிம்பு. கிளாஸின் வாய்ப்பகுதியை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சாதாரண கிளாஸில் விளிம்பு உருண்டு, தடித்து, ஒரு வளையம் போலத் தட்டுப்படும். நல்ல ஒயின் கிளாஸில் அது மெல்லியதாக, வழவழப்பாக இருக்கும்.

மூன்றாவது, வேலைப்பாடு. ரெட் ஒயினின் நிறத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பூவேலை, நிறம், தங்கக்கோடு எதுவும் இல்லாத வெறும் தெளிவான கிளாஸ்தான் சரி. கழுவவும் அதுதான் சுலபம்.

நான்காவது, அளவு. ரெட் ஒயின் கிளாஸ் பெரிதாக இருப்பது நிறைய ஊற்றுவதற்காக இல்லை. 750 மில்லி பாட்டிலை ஐந்து பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 150 மில்லி. 450 முதல் 600 மில்லி பிடிக்கும் கிளாஸில் இது மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் வரும். மீதி இடம் வாசனைக்கு. கிளாஸை லேசாகச் சுழற்றும்போது வாசனை மேலே எழுந்து அந்தக் காலி இடத்தில் தங்கும்.

ஐந்தாவது, உங்கள் வீட்டு அலமாரி. தண்டு நீளமான கிளாஸ் தட்டின் உயரத்துக்குள் அடங்குமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாய்க்குக் கீழே வைத்துத் திருப்ப இடம் இருக்கா என்றும் பாருங்கள். பல கிளாஸ்கள் உடைவது அந்தக் குழாயில் இடித்துத்தான்.

வடிவம் மாறினால் சுவை மாறுமா?

இதில் பாதி உண்மை, பாதி விளம்பரம்.

ஒவ்வொரு ஒயினுக்கும் ஒரு வடிவம் என்ற யோசனையைப் பிரபலமாக்கியது ஆஸ்திரியாவின் ரீடல் நிறுவனம். 1973-ல் 'சொமிலியே' என்ற வரிசையை அது கொண்டுவந்தது. கடையில் இப்போது நீங்கள் பார்க்கும் போர்டோ, பர்கண்டி என்ற பெயர்கள் பிரான்ஸின் ஒயின் பகுதிகளைக் குறிக்கும். போர்டோ கிளாஸ் உயரமாக இருக்கும். பர்கண்டி கிளாஸின் வயிறு பானை போல அகன்று, வாய் குறுகியிருக்கும்.

கிளாஸின் வடிவம் ஒயினை நாக்கின் குறிப்பிட்ட பகுதிக்குக் கொண்டுசேர்க்கும் என்று முன்பு சொல்லப்பட்டது. நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் படம் பார்த்திருப்போமே, அந்த வரைபடத்தை நம்பிய பேச்சு அது. அந்த வரைபடமே தவறு. எல்லாச் சுவைகளையும் சுவை மொட்டுகள் உள்ள நாக்கின் எல்லாப் பகுதிகளும் உணரும்.

ஆனால் வாசனையில் வித்தியாசம் இருக்கிறது. டோக்கியோ மருத்துவ மற்றும் பல் மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிளாஸிலிருந்து எழும் ஆல்கஹால் ஆவியைப் படம் பிடிக்கும் கேமரா ஒன்றைச் செய்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 13 டிகிரி செல்சியஸில் இருந்த ஒயினை, ஒயின் கிளாஸில் ஊற்றியபோது ஆவி விளிம்பைச் சுற்றி வளையம் போல நின்றது. நடுவில் குறைவாக இருந்தது. அதாவது, மூக்கை நடுவில் வைத்தால் ஆல்கஹாலின் நெடி குறைந்து பழ வாசனை தெரியும். நேரான டம்ளரிலும் மார்ட்டினி கிளாஸிலும் இந்த வளையம் வரவில்லை. ஒயின் கிளாஸிலேயே சூட்டைக் கூட்டியபோதும் வளையம் காணாமல் போனது.

இதிலிருந்து தெரிவது என்ன? உள்நோக்கி வளைந்த வாய் முக்கியம். வெப்பநிலையும் அதே அளவு முக்கியம். 'ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்கணும்' என்பது குளிரான ஐரோப்பிய அறைகளை வைத்துச் சொன்னது. வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 16 முதல் 18 டிகிரி. 32 டிகிரி அடிக்கும் சென்னை வீட்டுக்கு அந்த விதி பொருந்தாது. கிளாஸைத் தண்டில் பிடிப்பதற்கும் இதுதான் காரணம். உள்ளங்கைச் சூடு ஒயினுக்குப் போகக் கூடாது.

ஆக, பத்து வகை கிளாஸ் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. நடுத்தர அளவில், வயிறு அகன்று வாய் குறுகிய ஒரே வகை போதும். ஒயினைச் சுவைத்து மதிப்பிடுவதற்கான சர்வதேசத் தர கிளாஸ் என்று ஒன்று 1977 முதல் இருக்கிறது. அதன் மொத்தக் கொள்ளளவே 215 மில்லிதான்.

எப்படிக் கழுவணும்?

விருந்து முடிந்த கையோடு, தூக்கக் கலக்கத்தில் கழுவாதீர்கள். ஒவ்வொரு கிளாஸிலும் தண்ணீர் ஊற்றி, கை படாத இடத்தில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் கழுவலாம். தண்ணீர் இருப்பதால் கறை பிடிக்காது.

• மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். தொட்டியின் அடியில் ஒரு துணியையோ ரப்பர் மேட்டையோ விரியுங்கள்.

• வெதுவெதுப்பான தண்ணீர் போதும். குளிர்ந்த கிளாஸில் கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடும்.

• ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், மெல்லிய ஸ்பாஞ்ச். பவுடர், கம்பி நார், பச்சை ஸ்க்ரப்பர் வேண்டாம். குழம்புப் பாத்திரம் தேய்த்த ஸ்பாஞ்சும் வேண்டாம், எண்ணெயும் வாசனையும் ஒட்டிக்கொள்ளும்.

• கழுவும்போது வயிற்றுப் பகுதியைத் தாங்கிப் பிடியுங்கள், தண்டை அல்ல.

• நுரை துளியும் இல்லாமல் அலசுங்கள்.

துடைக்கும்போதுதான் அதிக கிளாஸ்கள் உடைகின்றன. ஒரு கையால் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வாயைத் துணியால் முறுக்குவோம். ஈரத்துணி பிழிவது போன்ற அந்த முறுக்கலில் தண்டு 'பட்' என்று போய்விடும். எந்தப் பகுதியைத் துடைக்கிறீர்களோ அந்தப் பகுதியையே பிடித்துக்கொள்ளுங்கள். நூல் உதிராத மைக்ரோஃபைபர் துணி நல்லது.

வெள்ளைப் படலம் போகவே மாட்டேங்குதா?

போர் தண்ணீர் உபயோகிக்கும் வீடுகளில் இது பெரிய தொல்லை. கடின நீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள், தண்ணீர் காய்ந்ததும் கண்ணாடியில் தங்கிவிடும். ஒரு பங்கு வெள்ளை வினிகரும் இரண்டு பங்கு தண்ணீரும் கலந்து, அதில் நனைத்த துணியால் துடைத்து உடனே அலசினால் போய்விடும். ஈயக் கிரிஸ்டலை மட்டும் வினிகரில் ஊற வைக்காதீர்கள், அதுவும் அமிலம்தான். கடைசியாக அலசுவதற்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்தினால் படலம் வருவதே குறையும்.

வினிகர் போட்டும் போகவில்லை என்றால் அது உப்பு இல்லை, அரிப்பு. டிஷ்வாஷரின் அதிக சூடும் காரத்தன்மை கொண்ட டிடர்ஜென்ட்டும் கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிடும். இதைச் சரிசெய்ய முடியாது. பெட்டியில் டிஷ்வாஷரில் போடலாம் என்று எழுதியிருந்தால் மட்டும், குறைந்த சூட்டில், கிளாஸ்கள் ஒன்றோடொன்று உரசாமல் வைத்துப் போடுங்கள். ஈயக் கிரிஸ்டலை டிஷ்வாஷரிலோ மைக்ரோவேவிலோ வைக்கவே கூடாது.

எங்கே, எப்படி வைப்பது?

நேராக நிற்க வையுங்கள். கவிழ்த்து வைத்தால் மிக மெல்லிய பகுதியான விளிம்பின் மேல் மொத்த எடையும் விழும். உள்ளே அடைபட்ட காற்றில் அலமாரி வாசனையும் ஏறும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கக் கூடாது. அந்துருண்டை போட்ட அலமாரி, மசாலா வைக்கும் அலமாரி இரண்டுமே வேண்டாம். நாள்கணக்கில் எடுக்காமல் இருந்தால், பயன்படுத்தும் முன் ஒருமுறை தண்ணீரில் அலசிவிடுங்கள்.

உடைந்துவிட்டால்?

விளிம்பில் சின்னதாகச் சில்லு பெயர்ந்திருந்தாலும் அதில் குடிக்காதீர்கள். உதட்டைக் கிழிக்கும், சில்லு வயிற்றுக்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது.

உடைந்த துண்டுகளை அப்படியே குப்பைப் பையில் போடாதீர்கள். அந்தப் பையைக் கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். தடிமனான செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, மேலே 'உடைந்த கண்ணாடி' என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். ஈயக் கிரிஸ்டலை பழைய பாட்டில்களோடு சேர்த்துப் போடவும் கூடாது. மறுசுழற்சியில் உருக்கும்போது அந்த ஈயம் புதிய பாட்டில்களுக்குப் போய்ச்சேரும்.

சுருக்கமாக:

• 'கிரிஸ்டல்' என்ற பெயரை நம்பாதீர்கள், 'ஈயமில்லாதது' என்ற வரியைத் தேடுங்கள்.

• பழைய ஈயக் கிரிஸ்டல் ஷோகேஸுக்கு அழகு. அதில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

• மெல்லிய விளிம்பு, அகன்ற வயிறு, குறுகிய வாய். ஒரே வகை போதும்.

• கையால் கழுவுங்கள், துடைக்கும்போது முறுக்காதீர்கள், நேராக நிறுத்தி வையுங்கள்.

ஒரு கடைசித் தகவல். ஈயமில்லாத கிளாஸ், ஈயத்தின் ஆபத்தை மட்டுமே நீக்கும். மதுவைப் பொறுத்தவரை உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருக்கிறது. கிளாஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது மாறாது.